ஜப்பான் கடையில் சம்மணம்

ஐப்பசி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். சுரங்கத்துக் கரித்தூளும் மழையும் சேர்ந்து கொடியில் கிடந்த வேட்டி முழுக்கப் புள்ளி. மறுபடி அலச சரோஜா குனிந்தாள். மருமகளுக்கு ஏழு மாசம். வாளியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"பக்கத்து க்வார்ட்டர்ஸ்ல பாத்தா என்னா நெனப்பாங்க மாமா?"

"மாமனாருக்கு வேல வெச்சிட்டு ராணியாட்டம் நின்னுகினு இருக்கான்னு நெனப்பாங்க. நெசந்தான?"

சிரித்தாள்.

தபால். ஜெர்மனியிலிருந்து நீலத்தாள். அவளுக்குத்தான். கடைசி வரி வழக்கம்போல: அப்பாவை விசாரித்ததாகச் சொல். நாலு மாசம், ஏழு கடிதம், அதே வரி. மகன் கதிர் எனக்கென்று ஒரு எழுத்து எழுதவில்லை.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை விட்டது. வாங்க வேண்டியவை: மூக்குப்பொடி, தீப்பெட்டி, சரோஜாவுக்கு நெல்லிக்காய்.

தப்பு என்னுடையதுதான். இங்கே எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள். ஜெர்மனி கிளம்பும் முன் கதிர் புதுசாக ஒரு மேசையும் நாலு நாற்காலியும் வாங்கினான். மெஷின் ட்ரெய்னிங்குக்கு அவன் பேரைச் சொல்லிவிட்ட ஆபீசரைச் சாப்பிடக் கூப்பிட்டான். நான் இலையைத் தூக்கிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தேன். அதோடு விட்டேனா? "தொர, அம்மாம் ஒசரத்துல உக்காந்தா சோறு வவுத்துக்கு வந்து சேர லேட்டாவும்டா" என்றேன். ஆபீசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கதிருக்கு முகம் சுண்டிவிட்டது. ரயில் ஏறும்வரை என்னோடு பேச்சில்லை.

விளையாட்டுக்குச் சொன்னது.

நெல்லிக்காய் கிடைக்கவில்லை.

ஐப்பசி 13, வெள்ளி

இடி, மழை. மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மத்தியானம் தரையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சோறு போடக் குனிந்தவள் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

சாயங்காலம் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்னாங்க மாமா, அதிசயமா கீது!"

"முட்டி வலிம்மா."

"ரெண்டுமா?"

"ஒண்ணு வலிச்சா இன்னொண்ணு சும்மா இருக்குமா?"

கால் தொங்குகிறது. பஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி. ஆனாலும் சோறு இறங்கத்தான் செய்தது.

ஐப்பசி 18, புதன்

நல்ல வெயில். கடிதம். மேலே என் பேர்.

பொடி எழுத்து. நிறுத்தி நிறுத்திப் படித்து முடிக்க ஒரு மணி நேரம். சரோஜா கை நீட்டினாள். "எனுக்கு வந்தது. நீ ஏழு வாங்கினியே, ஒண்ணு என் கையில குடுத்தியா?" என்றேன்.

முக்கியமானதை இங்கே எழுதி வைக்கிறேன். தாள் மெல்லிசு, மடிப்பிலே கிழிந்துவிடும்.

"அப்பாவுக்கு. இந்த ஊர் டுசல்டார்ப். சனிக்கிழமை எங்கள் பெரிய இன்ஜினியர் எல்லோரையும் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே தரை முழுக்கப் பாய், நம் கோரைப்பாயைவிடத் தடிமன். நாற்காலியே இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு மேசை. ஜெர்மன்காரர்களுக்குக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பெரிய இன்ஜினியர் ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தார். நான் மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பட்டு உடுத்திய ஒரு அம்மா மண்டியிட்டுப் பரிமாறினார். பச்சை மீன். நான் தொடவில்லை. கிண்ணத்தில் வெறும் வெள்ளைச் சோறு. நாலு மாசம் கழித்துச் சோறு, அப்பா! இரண்டு குச்சியால் எடுக்க வரவில்லை. சூப்பை ரசம் என்று நினைத்துச் சோற்றில் ஊற்றி, கையால் பிசைந்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். அந்த அம்மா வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, இன்னொரு கிண்ணம் சோறு கொண்டுவந்து வைத்தார். எழுந்திருக்கும்போது ஒருவருக்கும் கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. 'உனக்கு இப்படி உட்கார யார் கற்றுக்கொடுத்தது?' என்று இன்ஜினியர் கேட்டார். எங்கள் அப்பா என்று சொன்னேன். வந்ததும் அந்த மேசையை விற்றுவிடலாம். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்."

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் சரோஜாவுக்கு நடித்தே காட்டினேன். பெரிய இன்ஜினியர் மாதிரி சாய்ந்து விழுந்தேன். கதிர் மாதிரி சம்மணம் போட்டேன். துள்ளி எழுந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"மாமா, முட்டி வலின்னீங்களே?"

மாட்டிக்கொண்டேன்.

"எனுக்காவத்தான் மேல உக்காந்தீங்களா?"

"போ, அடுப்புல என்னாமோ தீயுது" என்றேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

ஐப்பசி 19, வியாழன்

மறுபடி தூறல். கதிருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். 'தொரைக்கு' என்று ஆரம்பித்து அடித்தேன். 'கதிருக்கு' என்று எழுதினேன்.

"மேசைய வித்துடச் சொன்னாருல்ல, என்னான்னு எழுதப்போறீங்க?" சரோஜா கேட்டாள்.

"விக்கக் கூடாதுன்னுதான். அது என் மேச. அவன் வேணும்னா கீழ உக்காந்துக்கட்டும்."

அப்படியே எழுதினேன். நாலு வரிதான். கை வலி.

மத்தியானம் அவள் நின்றுகொண்டே பரிமாறினாள்.

"நீயும் உக்காரும்மா."

"உங்க எதுருலயா மாமா?"

"நாலு நாக்காலி கீது. மூணு சும்மாதான கெடக்குது?"

கரண்டியைக் கீழே வைத்தாள். ஓரமாக, பாதி நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம் முழுசாக. தட்டை இழுத்துக்கொண்டாள்.

ரசத்தில் உப்பே இல்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.