யார் வெளியே போவது

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுக்க பொலிஸ் பெஞ்சில். நானும், எங்கள் பெண்கள் அமைப்பிடம் உதவி கேட்டு வந்த ஜீவராணியும். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் பிள்ளைக்குத் தாய். வலது காது வீங்கியிருக்கிறது, அந்தப் பக்கமிருந்து பேசினால் அவளுக்குக் கேட்கவில்லை. புருஷன் பிரதாபன் கொழும்பில் கடையில் நின்றவன். தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அப்போதிருந்து அடி.

முறைப்பாட்டைத் தமிழில் எழுத ஆள் இல்லையாம். நான் சிங்களத்தில் சொல்கிறேன் என்றேன். சார்ஜன்ட் பேனாவை எடுத்தார். பிரதாபன் உள்ளே வந்ததும் வைத்துவிட்டார். அவனுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. எந்தக் கடை, எந்தத் தெரு, சார்ஜன்டின் மச்சானும் அங்கேதானாம் - இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். ஜீவராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதைத் தமிழில் சொல்ல? உன் புருஷன் கொஞ்சம் கோபக்காரன், மற்றபடி நல்லவனாம் என்றா?

எச்சரித்து அனுப்பினார்கள். அந்த எச்சரிக்கையும் சிரித்துக்கொண்டுதான்.

மார்ச் 5, புதன்

ஜீவராணியின் காதைப் பார்த்து டாக்டர் எழுதித் தந்த சீட்டை அந்தச் சார்ஜன்ட் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். ஹட்டனில் மண்டபம் நிறையப் பெண்கள், எல்லோருக்கும் ஊதாச் சேலை. எங்கள் அமைப்பைத் தொடங்கிய நாகலெட்சுமி அக்கா மைக் எடுத்துக் கொடுக்க என்னை மேடையோரம் நிறுத்தியிருந்தார். பெரிய இடத்து விருந்தாளி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது ஜீவராணியின் போன். வெளியே ஓடி வந்து எடுத்தேன்.

"மிஸ், நாளைக்கிக் கோயில்ல கூட்டம் போடுறாங்க. தலைவரு சமாதானம் பேசுறாராம். எனக்கு அந்தச் சமாதானம் வேணாம். நீங்க வந்து நில்லுங்க."

உள்ளே கைதட்டுகிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

போனேன். நின்றேன். நிற்கத்தான் முடிந்தது.

தலைவர் இராமையா தோட்டத்துத் தொழிற்சங்கத்துக்குப் பொறுப்பானவர். நான் வாயைத் திறக்கும் முன்பே என்னை மடக்கிவிட்டார். "மிஸ், இது தோட்டத்துக்குள்ள உள்ள பிரச்சின. நாங்க பேசித் தீத்துக்கிறோம்." பிரதாபன் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தான், இனிமேல் கை நீட்ட மாட்டானாம். தலைவர் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். பிறகு ஜீவராணியிடம், "நீயும் கொஞ்சம் வாயக் கொறச்சுக்க புள்ள."

திரும்பும்போது லயத்து வீட்டு வரிசையில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போனேன். வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், மாமியார் காளியாயி விறகு ஒடித்துக்கொண்டிருந்தது. ஜீவராணி இருக்கிறாளா என்று கேட்டேன். "குடும்பத்தப் பிரிக்கிறதுக்குன்னே சம்பளம் குடுத்து அனுப்புறாங்களா ஒங்கள?" கையோடு வாளித் தண்ணியை என் காலடியில் ஊற்றியது. மகனும் ஆத்தாளும் ஒரே அச்சு.

மார்ச் 12, புதன்

கற்பூரம் மூன்று நாள் தாங்கியது.

ஜீவராணி ஆஸ்பத்திரியில். இடது மணிக்கட்டு உடைந்து பிளாஸ்டர். நான் வண்டியோடு போயிருந்தேன். நுவரெலியாப் பக்கம் எங்கள் பாதுகாப்பு இல்லத்தில் கட்டிலும் ஒழுங்கு செய்தாயிற்று. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இப்போதே போய்விடலாம் என்றேன்.

"எத்தன நாளைக்கி வச்சிருப்பீங்க மிஸ்?"

"மூணு மாசம்."

"அப்பறம்?"

எனக்குத் தெரிந்தால்தானே.

"வேலைக்கிப் போகலன்னா பேர வெட்டிருவாங்க. நான் திரும்பி வரயில காம்பராவுல அவன் வேற ஒருத்திய வச்சிருப்பான். புள்ளைக்கிப் பள்ளிக்கூடம் போச்சு. அடி வாங்குனவ நானு. சாமானக் கட்டிக்கிட்டு நான் ஏன் மிஸ் போகணும்? அவன் போகட்டும்."

கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, அவள் மேல். இவ்வளவு அடி வாங்கியும் என்ன பிடிவாதம் - இப்படித்தான் நினைத்தேன். வண்டி வெறுமையாகத் திரும்பியது.

மார்ச் 14, வெள்ளி

அக்காவிடம் கத்திவிட்டேன். "அவளத் தூக்கிட்டுப் போக வண்டி இருக்கு, படுக்கக் கட்டில் இருக்கு. அவனக் கிளப்புறதுக்கு நம்மகிட்ட ஒன்னுமே இல்லையா அக்கா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சட்டத்துல இருக்கு கேஷிகா. வீட்டுக்குள்ள வராதன்னு நீதவான் அவனுக்கு உத்தரவு போடலாம். நம்ம ஆளுங்க யாரும் அதக் கேட்டதில்ல."

"ஏன் கேக்கல?"

"கேக்குறதுக்கு முந்தியே நாமதான் வண்டிய அனுப்பிடுறோமே."

இத்தனை வருஷமாக என்னதான் செய்துகொண்டிருக்கிறோம்?

மார்ச் 18, செவ்வாய்

நீதிமன்றம். அவனை வீட்டுக்கு வெளியே நிறுத்தும் உத்தரவுக்கு மனு. எங்கள் சட்டத்தரணி எழுந்தார், உட்கார்ந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இன்று லீவு. அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்கள். அதுவரை இவள் எங்கே படுப்பாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூடக் கொழுந்து எடுக்கும் ஒருத்தி, மேல் லயத்தில் அவளுக்கும் பிள்ளைக்கும் இடம் கொடுத்திருக்கிறாள். அதனால் உயிரோடு இருக்கிறாள்.

மார்ச் 25, செவ்வாய்

பிரதாபன் வெள்ளைச் சட்டையில், வக்கீலோடு. பின்னால் காளியாயி. அதைக் கண்டதுமே எனக்கு நம்பிக்கை விட்டுப் போயிற்று. நினைத்த மாதிரியே வக்கீல் சொன்னார், வீடு தாயின் பெயரில் இருக்கிறது, தாய் வீட்டிலிருந்து மகனை மருமகள் எப்படி வெளியே போடுவாள். வேண்டுமானால் தாயையே கேட்டுப் பாருங்கள்.

நீதவான் கேட்டார்.

காளியாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டது. "காம்பரா எம் பேர்லதாங்க இருக்கு. இவன் நான் பெத்த மகன்தான். இவன் வேணாம். மருமக இருக்கட்டும்."

வக்கீல் திரும்பிப் பிரதாபனைப் பார்த்தார். அவன் "அம்மா" என்றான். அது அவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஏன் என்று நீதவான் கேட்டார்.

"அவ கொழுந்து எடுக்க மலைக்கிப் போறதாலதான் எனக்கு அடுப்பு எரியுது. இவன் கையால ஒரு வாய் கஞ்சி குடிச்சதில்ல. அன்னைக்கி அவ கைய முறுக்கயில நான் தடுக்கப் போனேன். என்னையும் புடிச்சு சொவத்துல தள்ளுனான்." தோளிலிருந்து சேலையை விலக்கிக் காட்டியது. கன்றிப்போன இடம் கறுப்பு மாறி மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் அவ்வளவையும் இரண்டு வரியில் முடித்தார். அதுவே போதுமாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு அவன் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

வெளியே வந்து, "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"நீங்க எப்பக் கேட்டீங்க? வந்தா அவளக் கேப்பீங்க, போயிருவீங்க. தள்ளுங்க, பஸ் போயிரும்."

மார்ச் 28, வெள்ளி

அவன் இன்னும் காம்பராவில்தான் இருக்கிறான். ஜீவராணி இன்னும் மேல் லயத்தில். உத்தரவுக் கடதாசி வந்து சேரவில்லை என்கிறது பொலிஸ். நேற்று ஜீப் இல்லை. இன்று ஜீப் இருக்கிறது, டிரைவர் இல்லை. போனை எடுப்பது அதே சார்ஜன்ட். என் குரல் கேட்டதும் "மிஸ்" என்கிறான், அதிலும் சிரிப்பு. கோர்ட் சொல்லியும் கேட்காதவனுக்கு யார்தான் சொல்வது? போனைச் சுவரில் எறியப் பார்த்தேன். வேறு போன் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

அக்கா, நான், ஜீவராணி, மூன்று பேரும் பொலிஸ் பொறுப்பதிகாரியின் அறை வாசலில் போய் உட்கார்ந்தோம். கதவைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றோம். சாப்பாட்டு நேரத்துக்கும் நகரவில்லை. கடைசியில் சலித்துப் போய் இரண்டு கான்ஸ்டபிள்களை எங்களோடு காம்பராவுக்கு அனுப்பினார்.

பிரதாபன் வலப்பனையில் தம்பி வீட்டுக்குப் போகிறானாம். டீவியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டான். நான் தடுக்கப் போனேன். "விடுங்க மிஸ், கொண்டு போகட்டும்" என்றாள் ஜீவராணி.

லயமே வெளியே வந்து நின்று பார்த்தது. தலைவர் இராமையா மட்டும் என்னிடம், "ஒரு குடும்பத்த இல்லாம ஆக்கிட்டீங்க."

நான் ஜீவராணியின் மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

வேறு தோட்டம், வேறு பெண், வேறு பொலிஸ். தமிழில் எழுத ஆள் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பிரதாபன் திரும்பி வந்து தொந்தரவு கொடுக்கிறானா என்று பார்க்க டயகமப் பக்கம் போனேன். மழை விட்டிருந்தது. காளியாயி இஸ்தோப்பில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தது.

எட்டிப் பார்த்தேன். நடுப்பகலில் ஜீவராணி பாயில் தூங்குகிறாள். கதவு அகலத் திறந்து கிடக்கிறது. பக்கத்துக் காம்பராவில் ரேடியோ அலறுகிறது, முற்றத்தில் பிள்ளைகள் அடிக்கும் பந்து தகரத்தில் மோதுகிறது. அவள் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பிளாஸ்டர் வெட்டிய கை தலைக்கு மேலே கிடக்கிறது.

"சோறு தின்னுட்டுச் சாஞ்சா" என்றது காளியாயி, மெதுவாக. "வாக்கப்பட்டு வந்ததுலேருந்து இவ பகல்ல தூங்கி நான் பாத்ததில்ல. எழுப்பாதீங்க."

அவன் வந்தானா, மிரட்டினானா, கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. காளியாயியிடமே கேட்டேன். "வரல" என்றது, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க தோள் எப்படிம்மா?" என்றும் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தது. "பரவால்ல."

எனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி, ரோட்டுக்கு வந்த பிறகுதான் இருமினேன்.