அழுகிற குழந்தை சோப்பு

செல்ல மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் பிடிவாதம் அதைவிடச் சௌக்கியம். உனக்கு இருமல் நின்றதா, அங்கே குளிர் குறைந்ததா என்று எழுது.

இங்கே ஒரு மாதமாக வீடு வீடாக இல்லை. பன்னிரண்டு கிளை வைத்திருக்கிற பெரிய கடைக்காரர்கள் வந்து, உங்கள் சோப்பு அருமை, இனிமேல் எங்களுக்கு மட்டும் காய்ச்சிக் கொடுங்கள், உறையில் எங்கள் பேர் இருக்கட்டும் என்று கேட்டார்கள். ஊரான் பேருக்கு நான் ஏன் சோப்புக் காய்ச்சணும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். நம் பேரில் போட்ட சோப்பு விற்காமல் கூரையைத் தொடுகிறது, இப்படியே போனால் பட்டறையில் இருக்கிற ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றேன், காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஏன் விற்கவில்லை என்று உனக்கே தெரியும். எல்லாம் உறையில் இருக்கிற உன்னால்தான். மூன்று வயதில் கண்ணில் நுரை போய் வாயைப் பிளந்துகொண்டு அழுதாயே, அந்தப் படம். அழுகிற குழந்தை சோப்பு வேண்டாம், வேறு எதையாவது கொடு என்றுதான் கடையில் கேட்கிறார்களாம். எதிர்வீட்டுத் தையற்காரர்கூட உறையைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுத்தான் குளிக்கிறாராம், இல்லாவிட்டால் பாவமாக இருக்கிறதாம்.

போன வாரம் நான் ஒரு வேலை செய்தேன். கடைக்காரர்கள் மாதிரிக்கு விட்டுப்போன உறையில் நம் சோப்பு ஒன்றைச் சுற்றிக் குளியலறையில் வைத்தேன். குளித்துவிட்டு வந்தவர் ஈரத் துண்டோடு நின்று, என்னமா வாசனை, இவங்ககிட்டப் போய்க் கத்துக்கணும் என்றார். போன மாதம் நீங்கள் காய்ச்சினதுதான் என்றேன். சாப்பிட்டு முடித்ததும் ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில், உறை சுத்தறப்போ தினம் ஆயிரம் தடவை அவ முகத்தப் பாக்கறேன், அதையும் நிறுத்தச் சொல்றியா என்று கேட்டார். இவ்வளவு தூரம் போய் உட்கார்ந்துகொண்டாயே என்று உன்மேல் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் நானே கடைக்காரர்களிடம் பேசினேன். வாரத்தில் ஐந்து நாள் அவர்கள் பேருக்கு, சனிக்கிழமை நம் பேருக்கு என்று முடிவாயிற்று. அப்பா கையெழுத்துப் போட்ட கையோடு அதன் கீழே நம் சோப்பின் பேரையும் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார், அவர்கள் வேறு காகிதம் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆறு பேருக்கும் வேலை இருக்கிறது, அதுவே எனக்குப் போதும்.

நம் உறையையும் மாற்றச் சம்மதித்துவிட்டார், ஆனால் படம் உன்னுடையதாகத்தான் இருக்க வேண்டுமாம். அதனால் சிரித்த முகமாக ஒன்று எடுத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். படத்தைத் தபாலில் போட்டுவிடாதே, நீயே கொண்டுவா. அப்பா இப்போதெல்லாம் சனிக்கிழமை மட்டும்தான் உன்னைப் பார்க்கிறார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா