அலையரண் தீவின் புகைமிடா

நலம் பெருகுக, நாடு பசியறியாது வாழ்க. கடலும் கழியும் சூழ்ந்த நெய்தல் நாட்டின் அரசி, செம்பாய்க் கொடியுடைய நெய்தற்செல்வி, ஆழியூர்த் தலைநகரில் எம் பொருட்டு அரசு காக்கும் தலைமை அமைச்சர் காரிநம்பியார்க்கு விடுக்கும் ஓலை. உம் இல்லமும், உம் காவலில் உள்ள ஊர்களும், துறைகளும் இனிது இருக்க.

அலையரண் தீவின் கோட்டையைப் பார்வையிட வந்த யாம் புயலில் சிக்கினோம் என்பதை நீர் ஊகித்திருப்பீர். படகுகள் உடைந்தன. உப்புக் கொட்டகையின் கூரை பறந்து, இருந்த உப்பெல்லாம் மழையில் கரைந்தது. புயல் ஓய்ந்ததும் சூரை மீன் கூட்டமாகக் கரையோரம் வந்து, கரையிலிருந்தே இழுத்த வலை கிழியுமளவு விழுந்தது. ஆயினும் உப்பும் இல்லை, வெயிலும் இல்லை. மழைக்காலம் முழுதும் கோட்டை மறவரும் மீனவக் குடிகளும் உண்ண வேண்டிய மீன் எம் கண்முன்னே நாறத் தொடங்கிற்று.

அப்போது கோட்டைக் கொல்லன் அழிசி, உடைந்த கப்பலொன்றின் இரும்புத் தண்ணீர் மிடாவைக் கரைக்கு இழுத்து வந்தான். அது நெஞ்சளவு உயரம் உடையது. அதன் அடியைச் சுற்றித் துளைகள் இட்டு, அவற்றை அடைக்கக் களிமண் உருண்டைகள் செய்தான். உள்ளே சாம்பல் கீழே உதிருமாறு கற்களின்மேல் இரும்புக் கரிக்கூடையை வைத்து, மேலே கம்பிகளில் மீனைத் தொங்கவிட்டு, புகை போக ஒரு வாய் வைத்த மூடியால் மூடினான். கரியின்மேல் பூவரசங் கட்டைகள் புகைந்தன. எம் மனமும் தெளிந்தது. அத்தெளிவு அன்று மாலைவரை கூட நிற்கவில்லை.

உலைக்களத்தில் பழகிய அழிசி, நெருப்புக்குக் காற்று வேண்டுமென்று கீழ்த்துளைகளை எல்லாம் திறந்துவிட்டான். மீன் வெளியே கருகி, உள்ளே பச்சையாக, கம்பியை விட்டுக் கரியில் விழுந்தது. சூட்டைத் தணிக்க யாமே மூடியைத் திறக்கச் சொன்னோம். பொங்கும் சோற்றுப்பானை திறந்தால் அடங்கும். இந்த மிடாவோ திறந்ததும் ஆளுயரம் தீ கக்கியது. ஏனென்று எமக்கு விளங்கவில்லை.

மறுநாள் கோட்டைத் தலைவர் வெள்ளெழினியார், புகை வெளியே போய்விட்டால் மீனுக்கு என்ன மிஞ்சும் என்று வினவி, மேல்வாயைக் களிமண்ணால் அடைத்தார். அவர் சொன்னதும் எமக்குச் சரியாகவே பட்டது. வெளிவந்த மீன் கரிப்பிசின் பூசியதுபோல் கறுத்துக் கசந்தது. அதை உண்ட மறவர் சிலர் வாந்தியெடுத்துச் சுருண்டனர். கொல்லன் நஞ்சு வைத்தான் என்று கோட்டை முழுதும் கூச்சல் எழ, வெள்ளெழினியார் அவனை விலங்கிட்டு எம்முன் நிறுத்தினார்.

“தேவி, வாயை அடைச்சது அவரு. வெலங்கு மட்டும் எனக்கா?” என்றான் அழிசி.

“நெருப்பு உன்னுது, மிடா உன்னுது. பழி மட்டும் என்னுதா?” என்றார் அவர்.

அமைச்சரே, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த எமக்குத் தீர்ப்பு எதுவும் தோன்றவில்லை. ஆகவே விலங்கை அவிழ்க்கச் செய்து, நல்ல மீன் ஒன்றேனும் கிடைக்கும்வரை இருவரும் அம்மிடாவை விட்டு எழலாகாது என்று ஆணையிட்டு, யாமும் அருகே அமர்ந்தோம்.

இருவரும் ஏசிக்கொண்டே வேலை செய்தனர். தலைவர் மேல்வாயைத் திறக்க இசைந்தார், கொல்லன் கீழ்த்துளைகளை அடைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. அவனும் முனகிக்கொண்டே, கடற்காற்று நேரே புகாத பக்கத்தில் ஒரு துளையை விரல் நுழையுமளவு விட்டு மற்றவற்றை அடைத்தான். மூடியைத் தொட நீண்ட எம் கையை இருவரும் ஒருசேரத் தடுத்தனர். தடித்த வெண்புகை மெல்ல மெலிந்து, நீலம் படிந்த நூல்போல எழுந்தது. நெருப்பு எரியவும் இல்லை, அணையவும் இல்லை. மீன் தேன்நிறம் கொண்டது. முதல் துண்டை உண்ண எவரும் துணியாதபோது வெள்ளெழினியார் எடுத்து மென்றார்.

“கசக்கல,” என்றவர், கொல்லன் பக்கம் திரும்பாமலே, “அவனுக்கும் ஒண்ணு குடுங்க,” என்றார்.

அன்று தொட்டுப் பெரும்பாலும் மீன் கெடவில்லை. ஆயினும் எம் குழப்பம் தீரவில்லை. உள்ளே வரும் காற்றைக் குறைத்தால் நலம் செய்யும் மிடா, வெளியே போகும் புகையைத் தடுத்தால் ஏன் நஞ்சாகிறது? காற்று திசை மாறிய நாளில் மறுபடி மீன் கருகிற்று. பழகிவிட்டோம் என்று எண்ணியது பிழையாயிற்று.

செப்பனிட்ட ஒரே வள்ளம் இன்று புறப்படுகிறது. அதில் எம்மை ஏறச் சொல்லித் தலைவர் மன்றாடினார். கசந்த மீனை உண்டு இன்னும் எழாத மறவரை அதில் ஏற்றினோம். யாம் நிற்பது கடமையாலா, நாளை அப்புகை எந்நிறத்தில் எழும் என்று காணும் ஆவலாலா என்பதும் எமக்குத் தெரியவில்லை.

ஆதலின் எம் ஆணை: நோயுற்றோரை அரண்மனை மருத்துவரிடம் சேர்க்க. உப்பும், கரியும், இரும்பு மிடாக்களும் ஏற்றிக் கப்பல் விடுக்க. எம்மை மீட்கப் படை அனுப்பற்க. அனுப்பினால் அவர்க்கும் சோறிட வேண்டும்.

சுறா இலச்சினை பொறித்து, எம் கையாலே கட்டி, இவ்வோலை விடுத்தோம். கண்டவுடன் செய்க.