பேர் வெட்டிய தூக்குச்சட்டி

போடிநாயக்கனூர்
17.8.1982

அன்பு மகள் அன்னக்கொடிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கமான இருமல், அதையெல்லாம் சௌக்கியத்தில்தான் சேர்த்திருக்கிறேன். அங்கே பம்பாயில் நீயும் மாப்பிள்ளை கண்ணுச்சாமியும் பேத்தி பொன்னுமணியும் சௌக்கியம் என்று எழுதியிருந்தாய். அதை நான் நம்பவில்லை. கோபப்படாமல் கடைசிவரை படி.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் தவசி அதைக் கையில் கொடுத்துவிட்டு, "மக நாலு பக்கம் எழுதியிருக்கு போல, கனமா இருக்கு" என்றார். ஒட்டின கவருக்குள் நாலு பக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, பம்பாய்க்கு ஏலக்காய் லோடு ஏற்றிப் போகிற லாரி டிரைவர் ஜக்கையனிடம் ஒரு மூட்டையோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். ஜக்கையன் நல்லவர்தான், ஆனாலும் மூட்டையைப் பச்சை நூலில் நாற்பத்தோரு தையல் போட்டுத் தைத்திருக்கிறேன், வாங்கியதும் அவர் முன்னாலேயே எண்ணிப் பார். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "ஒங்களுக்கு ஊர்ல இருக்கிற எல்லாருமே களவாணிகதானா" என்று கேட்கிறாள். நான் என்ன செய்வேன், போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் கேட்டில் இருபத்திரண்டு வருசம் வாச்சராக நின்று, சாயங்காலம் இறங்கி வருகிறவர்களின் தூக்குச்சட்டியை எல்லாம் வாங்கித் திறந்து, மிச்சச் சோற்றுக்கு அடியில் பச்சை ஏலக்காய் ஒளித்திருக்கிறார்களா என்று பார்த்த கண் இது. இப்போது உன் அம்மா ஊறுகாய்ச் சாடியைத் திறந்தால்கூட எட்டிப் பார்க்கிறது.

அந்தக் கண்ணால்தான் உன் கடிதத்தையும் படித்தேன். கல்யாணமாகிப் போன நாலு வருசத்தில் நீ எழுதியதெல்லாம் பாதிப் பக்கம், இந்தத் தடவை நாலு பக்கம், நாலும் சாப்பாடு. ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரின் அடுப்புச் சாம்பலில் நான் பலாக்கொட்டை சுட்டுத் தந்ததை எழுதியிருக்கிறாய், சரி, அது நடந்ததுதான், நீ ஆறுவதற்குள் தின்று நாக்கைச் சுட்டுக்கொண்டு அழுவாய். ஏலத்தோலைத் தட்டிப்போட்ட கருப்பட்டிக் காப்பி, அதுவும் சரி. மலையாளத்து ஆள்கள் கொடுத்த கப்பைக்கிழங்கை அவித்துக் காந்தாரி மிளகாயும் உப்பும் நசுக்கித் தொட்டுத் தின்றது, மாடு கன்று போட்டால் வருகிற சீம்பாலுக்கு நீயும் உன் அண்ணனும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சண்டை போட்டது, எல்லாம் சரி. ஆனால் கேப்பைக் களியும் குப்பைக்கீரைக் கடைசலும் உனக்கு உயிர் என்று எழுதியிருக்கிறாயே, அது பச்சைப் பொய். அந்தக் கீரையை நீ வாயில் அடக்கிக்கொண்டே போய் முருங்கை மரத்தடியில் துப்பிவிட்டு வருவாய், எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? அப்புறம் ஈசல். முதல் மழைக்குப் பிடித்த ஈசலை உன் அம்மா வறுத்துப் பொரியரிசியோடு கலந்து தருவாள், பள்ளிக்கூடத்தில் யாரோ ஈசல் தின்னி என்று சொன்னதிலிருந்து நீ அதைத் தொடவில்லை, கல்யாணத்துக்கு முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, ஈசல் கதைய மட்டும் மாப்ள வீட்ல சொல்லிப்புடாதீக" என்று கையைப் பிடித்துக் கேட்டாய். அந்த ஈசலுக்கு இப்போது ஒரு பக்கம் எழுதி, வாயில் எச்சில் ஊறுகிறது என்கிறாய். பிடிக்காததெல்லாம் ஒரு ஆளுக்கு எப்போது பிடிக்கும் என்று நான் யோசிக்க மாட்டேனா?

இன்னொன்று. பஞ்ச காலத்தில் தின்கிற புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி எத்தனை நாள் ஊறப்போட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறாய். ஞாபகத்துக்கு எழுதுகிறவள் ருசியை எழுதுவாள், எத்தனை நாள் என்று கேட்பவள் செய்யப்போகிறவள். நாலு பக்கத்தில், இன்று நான் இதைச் சமைத்தேன் என்று ஒரு வரி இல்லை. முன்பெல்லாம் பாதிப் பக்கத்திலேயே மீன் வாங்கினேன், அவருக்குச் சப்பாத்தி பிடிக்கவில்லை என்றெல்லாம் எழுதுவாய். கடைசியில், பொன்னுமணிக்கு இந்தச் சாப்பாட்டுக் கதையைச் சொன்னால் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறாள் என்று முடித்திருக்கிறாய். சாப்பிட்ட பிள்ளைக்கு எதற்கம்மா சாப்பாட்டுக் கதை? இந்த வரியை வாசித்துக் காட்டியதும் உன் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அந்த வரியை மறுபடி வாசிக்க வேண்டாம் என்றாள்.

பஞ்சாலை வேலைநிறுத்தம் என்று டீக்கடைப் பேப்பரில் பொங்கல் கழிந்ததிலிருந்து பார்க்கிறேன். சித்திரையில் கேட்டதற்கு, அவர் மில்லில் ஒன்றுமில்லை அப்பா, ஷிப்டு ஒழுங்காக நடக்கிறது என்று எழுதினாய். நேற்று ஜக்கையனிடம் கேட்டேன், "அங்கிட்டு ஒரு மில்லுலயும் பொகையக் காணோம்ணே, ஆளுக ரோட்டோரத்துல ஒக்காந்திருக்காக" என்றார். ஜக்கையன் சொல்வது எல்லாவற்றையும் நான் நம்புவதில்லை. இதை நம்பினேன்.

நீ ஏன் மறைக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். பரிசம் போட்ட அன்று பந்தலில் நாலு பேர் முன்னால் நான் பேசிய பேச்சு. "மில்லுச் சங்க நம்பிப் பொண்ணக் கேக்குறீக, சங்கு ஊதாத அன்னிக்கி சட்டிய ஏந்திக்கிட்டு எம் மக எவ வாசல்ல போயி நிப்பா" என்று கேட்டேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். அந்தக் கோபத்தில்தான் சீர்ச் சாமானில் உன் பேர் வெட்டி வைத்திருந்த பித்தளைத் தூக்குச்சட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் போனாய், மறந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள், நான் அன்றைக்கும் நம்பவில்லை. அந்தப் பேச்சு தப்பு. பேசியவன் நான்தான், இப்போது எழுதுகிறவனும் நான்தான். மாப்பிள்ளை தன் ஆள்களோடு சேர்ந்து நிற்கிறார், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இந்த இடத்தை மட்டும் அவருக்கும் படித்துக் காட்டு.

இனி எழுதப்போவதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. எழுபத்திரண்டில், நீ அஞ்சாவது படிக்கும்போது, எஸ்டேட்டில் காய் எடுக்கிற ஆள்களில் குருவம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். புருசன் படுத்த படுக்கை, மூன்று பிள்ளைகள். சாயங்காலம் இறங்கும்போது எல்லார் தூக்குச்சட்டியும் லேசாக இருக்கும், காலையில் கொண்டுபோன கஞ்சியைக் குடித்திருப்பார்கள் அல்லவா. அவள் சட்டி மட்டும் மூன்று நாளாகக் கனமாகவே வந்தது. மூன்றாம் நாள் நிறுத்தினேன். மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு, "வேணாம்ணே, எல்லாரும் போயிறட்டும், அப்புறம் காட்டுறேன்" என்றாள். களவாணிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அத்தனை பெண்கள் முன்னாலும் பிடுங்கித் திறந்தேன். உள்ளே ஒரு துணியில் சுற்றி நாலு ஓடைக்கல். சட்டியில் ஒரு பருக்கை ஒட்டியிருக்கவில்லை. காலையில் வெறுஞ்சட்டியை வீசி நடந்தால் பக்கத்தில் வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று கல்லை வைத்துச் சுமந்திருக்கிறாள், மத்தியானம் தள்ளிப் போய் உட்கார்ந்து மூடியைத் திறந்து மூடிவிட்டு, மறுநாளைக்கும் வேண்டுமே என்று கல்லைக் கொட்டாமல் வந்திருக்கிறாள். யாரோ ஒருத்தி சிரித்தாள். குருவம்மாள் கல்லை எடுத்துக் கீழே கொட்டிவிட்டு நடந்தாள். அடுத்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள். அன்று நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது நீ வந்து ஏம்ப்பா என்றாய், வயிற்றுவலி என்றேன். பத்து வருசம் ஆகிறது, அந்தக் கனம் இன்னும் கையில் இருக்கிறது. உன் நாலு பக்கக் கடிதத்தைத் தவசி கையிலிருந்து வாங்கியபோது அதே கனம்.

மூட்டையில் கேப்பை மாவு, மொச்சை, புளி, புழுங்கல் அரிசி, செம்மண்ணில் புதைத்துவைத்திருந்த பலாக்கொட்டை இருக்கிறது. புளியங்கொட்டை வைக்கவில்லை, வைக்க மாட்டேன். நடுவில் உன் பேர் வெட்டிய தூக்குச்சட்டி. அதற்குள் பொன்னுமணிக்கு எள்ளுருண்டை, அதற்கடியில் ஒரு பொட்டலத்தில் ஈசலும் பொரியரிசியும், மாப்பிள்ளை கேட்டால் கருஞ்சீரகம் என்று சொல்லிக்கொள். அரிசியை இரண்டு நாள் வெயிலில் காட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மூட்டை வந்ததைக் காட்டிக்கொள்ளாதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதாக இருந்தாலும் வா, மாப்பிள்ளையோடு இருப்பதாக இருந்தாலும் இரு, உன் முடிவு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், மில் சங்கு மறுபடி ஊதுவதைக் கேட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது உன் அம்மா கும்பிடுகிறாள். நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. அடுத்தவர் சட்டியை நம் வீட்டில் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். எஸ்டேட் லயத்துக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் சட்டியில் போட ஒன்றுமில்லாத அன்று நீ தும்பைப்பூ பறித்துப் போட்டுக் கொடுத்தவள். ஜக்கையன் நாலு நாள் அங்கே இருப்பார், திரும்பும்போது தூக்குச்சட்டியை அவரிடம் கொடுத்துவிடு. வீட்டில் உலை கொதிக்கிறது என்றால் வழக்கம்போல எதையாவது போட்டு அனுப்பு. இல்லையென்றால் கழுவிக் காலியாக அனுப்பு, நீ ஒரு வரி எழுத வேண்டாம், நான் ஒன்றும் கேட்க மாட்டேன், அடுத்த லாரியில் அடுத்த மூட்டை வரும். சட்டியை நான் திறக்கப்போவதில்லை, உன் அம்மா கையில்தான் கொடுப்பேன். காலியாக வந்தால் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ஒன்றுமில்லாமல் இருந்துகொண்டு கனமாக மட்டும் அனுப்பிவிடாதே தாயி. அதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

உன் அப்பா
மா. வீரணன்