கைப்பிடி போடாத கூடைகள்

சினேகா தாத்தா அவர்களுக்கு வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா?

நம் பேத்தி சினேகா நர்சிங் முடித்ததையும், பேரன் முத்துப்பாண்டி பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்ததையும், பேத்தி யோகேஸ்வரி கபடியில் கப் வாங்கியதையும் இந்தக் கோயம்புத்தூர் ஹாஸ்டல் சமையற்கட்டு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆளுக்கொரு வயர் கூடை பின்னி, கைப்பிடி மட்டும் போடாமல் வைத்திருந்தேன். போட்டால் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பத் தோன்றுமே. போன வாரம் ஈரத்தில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு லேசாக வீங்கியது, பயப்படாதீர்கள். கூட வேலை பார்க்கும் காரியாபட்டிக்காரி, "ஏக்கா, கை ஓடுறப்பவே முடிங்க. கைப்பிடி இல்லாத கூடையப் பேத்தி தலையிலயா சுமப்பா?" என்றாள். அன்றே உட்கார்ந்தேன். வலித்தது, ஆனால் மூன்றையும் முடித்துவிட்டேன்.

பார்சலில் வரும். ஆடி வெள்ளிக்கு என்னால் வர முடியாது. இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு மாவிளக்குச் சாமானை அந்தக் கூடைகளில் கொண்டு போங்கள். அடுப்பில் பால் பொங்குகிறது. பிள்ளைகளைக் கூடையோடு நிறுத்திப் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள். கைப்பிடியைப் பிடித்திருக்கும் கை தெரியணும்.