வடிகட்டாத தண்ணீர்

மாதா துணை
வில்லியனூர், 14.10.84

அன்பு மகன் பவுல்ராஜுக்கு அம்மா செலின் மேரி எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, வண்டி மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் இருமல் சளி இல்லாமல் சுகமாக இருக்க ஞாயிறு பூசையில் தவறாமல் உன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். வண்டியையும் ஆளோடு ஆளாகச் சேர்த்துவிட்டேன் என்று சிரிக்காதே. போன கடிதத்தில் பிக்கப்பைப் பற்றி முழுசாக இரண்டு பக்கம் விசாரித்துவிட்டு, அம்மா எப்படி இருக்கிறாய் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய், அதுவும் மடிப்பில் மாட்டிக்கொண்டு பாதி அழிந்துவிட்டது. பிரான்சு பட்டாளத்தில் பெற்றவளை விசாரிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டேன். அவர் உன் பக்கம்தான் பேசினார், வண்டியைக் கேட்டால் உன்னையும் கேட்ட மாதிரிதான் என்றார். அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பேப்பர் படிக்கக் கூடாது, வெயிலில் போகக் கூடாது. அதனால் காலையில் எஞ்சின் கிளப்பும்போது காதைத் தீட்டிக்கொண்டு சத்தம் கேட்கிறார். மூன்றாவது சிலிண்டர் லேசாகத் தட்டுகிறது என்கிறார், தட்டுவது பக்கத்து வீட்டு அன்னாமேரி இடிக்கிற மிளகாய் உரல் என்று சொன்னால் கோபம் வருகிறது. மழை இந்த வருஷம் நேரத்தோடு வந்தது, சம்பா நடவு முடிந்தது, வீட்டு ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, வேறு குறை இல்லை.

நீ போகும்போது காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாயே, தினம் செய்ய வேண்டியது, வாரம் செய்ய வேண்டியது, பாரம் இழுக்கும் முன் செய்ய வேண்டியது என்று, அது இன்னும் சேசுவின் இருதயப் படத்துக்குக் கீழேதான் தொங்குகிறது. அதன்படி ஒன்று விடுவதில்லை. காலையில் எஞ்சின் கிளப்பும் முன் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்கிறேன். பீப்பாயில் வந்த டீசலை ஒரு நாள் அசைக்காமல் தெளிய வைத்து, அடி மண்டியை அப்படியே விட்டுவிட்டு, என் பழைய வெள்ளைப் புடவையை நாலாக மடித்து இரண்டு தரம் வடிகட்டித்தான் டேங்கில் விடுகிறேன். வாரம் ஒரு நாள் டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, தேங்கின தண்ணீரை வடிய விடுகிறேன். மண் ரோட்டில் ஓடின வாரத்தில் காற்று ஃபில்டரின் ஆயில் கிண்ணத்தையும் கழுவுகிறேன். டிரெய்லரை மாட்டுகிற பின்கொக்கிக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் கிரீஸ் வைத்துவிட்டுக் கொக்கியின் ஊசி தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். கோயிலுக்குப் போனால் என் புடவையில் சாம்பிராணி வாசத்தை விட டீசல் வாசம்தான் தூக்கலாக இருக்கிறதாம், அன்னாமேரி சொல்கிறாள், சொல்லட்டும். வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அமிர்தசாமி பெண்சாதியைத்தான் கேட்க வேண்டும் என்று பாகூர் வரைக்கும் எனக்குப் பெயர். அந்தப் பெயரில்தான் இப்போது மண் விழுந்திருக்கிறது, விழ வேண்டியதுதான், அதை உனக்கு எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறேன்.

டிரைவர் உலகநாதனை நிறுத்தியது நல்லதுதான், ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கத் துப்பில்லாதவன் கையில் வண்டியைக் கொடுக்கலாமா என்று நீ எழுதியிருந்தாய். அப்பா எழுதினதை நம்பித்தான் எழுதினாய், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் நடந்தது முழுக்க அப்பா எழுதவில்லை, ஏனென்றால் அப்போது அவருக்கே முழுக்கத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான், நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனி கடைசியில் நல்லவாட்டு வீரப்பன் தன் படகைக் கடலூர்ப் பக்கம் ஆசாரி பட்டறைக்குக் கொண்டுபோக நம் வண்டியைக் கேட்டார். பெரிய மரப் படகு, டிரெய்லரில் ஏற்றிக் கட்டினால் பின்னால் இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நாலு நாள் முன்னால் உலகநாதன் என்னிடம் வந்து, அம்மா, சூடு காட்டுற முள்ளு பாரம் இய்க்கும்போது மேல மேல ஏறிக்கினே போவுது, தண்ணி நெறையத்தான் இருக்குது, ஆனா உள்ள இன்னாவோ அடைச்சிக்கினு கீது, ரேடியேட்டரக் கயட்டிக் கழுவிட்டு அப்பறம் போவலாம் என்றான். வீரப்பனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, இந்த ஒரு நடை போய் வந்ததும் கழற்றலாம் என்று நான்தான் சொன்னேன். அப்பாவிடம் இதை நான் சொல்லவும் இல்லை. எனக்கு ஒரு தைரியம் இருந்தது, அது என்ன தைரியம் என்று பின்னால் சொல்கிறேன். அவனும் தயங்கித் தயங்கித்தான் போனான். பெண்ணையாற்றுப் பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து, ஆவி பீய்ச்சி, வண்டி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் போய், எஞ்சினுக்கு மேல்மூடியாக இருக்கிற ஹெட்டும் வளைந்துவிட்டது. இரண்டு நாள் அந்தப் படகு பாலத்து ஓரத்தில் நின்றது, போகிற வருகிற பஸ்காரன் எல்லாம் எட்டிப் பார்த்து, ரோட்டில் என்ன மீன் கிடைக்கிறது என்று கேட்டானாம். முன்னால் உட்கார்ந்து போன அப்பா அங்கேயே வீரப்பனும் அவருடைய ஆட்களும் பார்க்க உலகநாதனைக் கண்டபடி பேசியிருக்கிறார், தண்ணி இருந்திருந்தா எஞ்சின் ஏன்டா வேவுது, தூங்கிக்கினு ஓட்டினியா என்று. மறுநாள் காலை அவன் நம் வீட்டுக்கு வந்தான். அப்பா மறுபடி அதையே கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். முன்னாலேயே சொன்னேன் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சாவியை ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நாலாம் நாள் மெக்கானிக் அரங்கநாதன் ரேடியேட்டரைக் கழற்றி அடித் தொட்டியைத் திறந்தார், நானும் பக்கத்தில் நின்றேன். பாசியும் சேறும் களியாகக் கிடந்தன. குழாய்கள் பாதிக்கு மேல் அடைத்திருந்தன, கம்பியால் குத்தினால் வெள்ளையாக ஏதோ பிசுக்குப் பிசுக்கென்று வந்தது. அவர் அதை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, மெழுகுவத்தி, ரேடியேட்டருக்குள்ள யாரு பூச வச்சது என்று கேட்டுச் சிரித்தார். நீ பிரான்சுக்குப் புறப்பட்ட வாரத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நம் மாதா கோயில் குளத்துத் தண்ணீர் ஒரு செம்பு மொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தேன் மகனே. உனக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று மனசுக்குள் ஒரு வேண்டுதல், யாரிடமும் சொல்லவில்லை. படிக்கட்டில் ஜனங்கள் ஏற்றி வைக்கிற மெழுகுவத்தி உருகித் துண்டு துண்டாக ஓரத்தில் மிதக்கும், அதே படியில்தான் நான் செம்பை முக்குவேன். வடிகட்ட மனசு வரவில்லை. டீசலை இரண்டு தரம் வடிகட்டுகிறவளுக்கு மாதா தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது குற்றமாகத் தோன்றியது, அந்தத் தண்ணீரில் என்ன அழுக்கு இருக்கப் போகிறது என்ற எண்ணம். மெழுகு சூட்டில் உருகி, ஆறினதும் குழாய்க்குள் உறைந்திருக்கிறது, இரண்டு வருஷமாக. தண்ணீர் குறையாமலே இருந்தது ஏன் என்று இப்போது உனக்குப் புரியும். உலகநாதன் தினமும் மூடியைத் திறந்து பார்த்தது உண்மை. முள் ஏறுகிறது என்று அவன் சொன்னபோது எனக்கிருந்த தைரியமும் இதுதான், மாதா தண்ணீர் உள்ளே இருக்கும்போது என்ன ஆகிவிடும் என்று. மாதா பேரில் குற்றம் இல்லை, நான் செய்ததற்கு அவளைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்.

ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பண்ணி, புது கேஸ்கெட் போட்டு, ரேடியேட்டரைச் சோடா போட்டுக் காய்ச்சிக் கழுவி வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. நான் மட்டும் பேசாமலே இருந்தேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு மாசம் ஓடிவிட்டது. பிறகு கண் ஆப்பரேஷன் வந்தது, அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். அப்போதுதான் உலகநாதன் பெண்சாதி சின்னபொண்ணு வந்தாள். சண்டைக்கு வரவில்லை, உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அம்மா, எஞ்சின வேவ வச்சவன்னு பேரு ஆயிப்போச்சு, பாகூர்ல, நெட்டப்பாக்கத்துல எங்க போயி நின்னாலும் வண்டி குடுக்க மாட்டேங்கிறாங்க, கரும்புச் சோகை உரிக்கப் போறாரு, கையெல்லாம் கீறிக்கினு வராரு, அய்யா ஒரு வார்த்த நல்லதா சொன்னா யாராவது சேத்துக்குவாங்க என்றாள். அவள் போன அன்று சாயங்காலமே உன் கடிதம் வந்தது, துப்பில்லாதவன் என்று எழுதின கடிதம். மெட்ராஸிலிருந்து இந்த வண்டியை நீயும் அவனும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு வந்த அன்று, இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டீர்கள், நான்தான் பரிமாறினேன். என் பொய் உன் கையால் எழுதி வந்ததைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார், நீ ஊத்தின, நான் கத்தினேன், ரெண்டு பேருமாத்தான் போவணும் என்றார், அவ்வளவுதான். மறுநாள் பஸ் பிடித்து உலகநாதன் ஊர் கரியமாணிக்கத்துக்குப் போனோம். அவன் வீட்டில் இல்லை, கரும்புக் கொல்லையில் பத்துப் பேரோடு வேலையில் இருந்தான். வரப்பில் நின்று எல்லார் காதிலும் விழும்படி நான் சொன்னேன், மாதா குளத்துத் தண்ணியை ஊத்தினது நான், முன்னாலேயே நீ எச்சரிக்கை பண்ணினதை மறைச்சவளும் நான் என்று. பத்துப் பேரில் ஒருவன் சிரித்தான், மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். உலகநாதன் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. நீங்க சொல்லுவீங்கன்னு அன்னைக்கே பாத்தேம்மா என்றான். நான் அழுதுவிட்டேன், எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வேலைக்கு வா என்று அப்பா கூப்பிட்டார். அவன் உடனே தலையாட்டவில்லை. இங்க சொன்னது சரி அய்யா, ஆனா என்னிய ஏசினது இங்க இல்ல, வீரப்பன் ஆளுங்க முன்னாடி, அங்கயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க, அப்பறம் பாக்கலாம் என்றான். ஞாயமான பேச்சு. அப்பாவுக்கு முகம் சிவந்தது, ஆனாலும் வெயிலில் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மீறி, மறுநாளே நல்லவாட்டுக்குப் போய், மீன் ஏலம் விடுகிற மணலில் நின்று வீரப்பனிடம் சொல்லிவிட்டு வந்தார். வீரப்பன் ஒரு கூடை சங்கரா மீன் கொடுத்து அனுப்பினார், அதை நான் குழம்பு வைத்தேன், இரண்டு பேரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

உலகநாதன் போன திங்கட்கிழமை வந்துவிட்டான். இனிமே ரேடியேட்டர் மூடிய நான்தான் தொறப்பேன் என்று சொல்லிவிட்டான், சரி என்று ஒப்புக்கொண்டேன். கொதிக்கவைத்து ஆறவைத்து வடிகட்டின தண்ணீர்தான் இப்போது உள்ளே போகிறது. சனிக்கிழமை வழக்கம்போல நான் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன், பழக்கம் விடவில்லை, கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று நின்றேன். அவனே செம்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்கொக்கி மேல் தெளித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தான். நேற்று நெல் மூட்டை ஏற்றின டிரெய்லரோடு பாகூர் போய் வந்தது, முள் நடுவிலேயே நின்றதாம்.

இனி உன் விஷயம். தம்பி இன்னா எயிதிச்சு என்று அவன் கேட்டான். நல்லா இருக்கிறான் என்று சொல்லி மழுப்பினேன். பிரான்சுக்கு அப்பா எழுதியிருப்பாரு, தம்பி ஒண்ணும் சொல்லலியா என்று மறுபடி கேட்டான். ஒரு தரம் பேசாமல் இருந்து பட்டது போதும் என்று உன் கடிதத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், அந்த வரியை ரொம்ப நேரம் படித்தான். மடித்துக் கொடுத்துவிட்டு வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு, காலையில்தான் கிரீஸ் வைத்த இடத்துக்கு மறுபடி கிரீஸ் வைத்தான். என் மேல் உனக்குக் கோபம் வந்தால் எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதை அப்புறம் எழுது.

குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், அப்பாவும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார், சத்தம் கேட்டு எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொல்கிறார்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. இதோடு ஒரு காலி உறை வைத்திருக்கிறேன். மேலே உலகநாதன், கரியமாணிக்கம் என்று முழு விலாசமும் நானே எழுதிவிட்டேன், தபால்தலை மட்டும் நீ ஒட்டிக்கொள். உள்ளே என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பான், கொஞ்சம் பெரிசாக எழுது.

உன் அன்பு அம்மா,
அ. செலின் மேரி