கொஞ்சம் கனமான எண்ணெய்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மா போனதிலிருந்து அப்பா எதிலும் ஒட்டுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், அவ்வளவுதான். காரைத் தொடவே இல்லை. அது தூசி படிந்து கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், புதிதாகத் திறந்த சர்வீஸ் சென்டரில் நானே விட்டு இன்ஜின் ஆயில் மாற்றிவந்தேன்.

போன வாரம் அப்பாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மண்டையைப் பிளக்கும் வெயில். சிக்னலில் நின்றதும் ஆயில் விளக்கு சிவப்பாக மின்னியது. "அப்பா, விளக்கு!" என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "ஓரமா நிறுத்தி இன்ஜினை அணைம்மா" என்றார். இறங்கி, பானெட்டைத் திறந்து, அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. சர்வீஸ் சென்டர் பில்லை வாங்கிப் படித்தார். ஆயிலின் கனத்தைச் சொல்லும் நம்பர் ஐந்து டபிள்யூ முப்பது என்றிருந்தது. "யார் இதை ஊத்துனது? இந்தக் கிழட்டு இன்ஜினுக்கு இது தண்ணி!" என்று கத்தினார். எத்தனை மாதம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு!

நம் பழைய மெக்கானிக்கை வரவழைத்தோம். அதே ஆள்தான், மெதுவாகப் பேசத் தெரியாததால் நாம் 'சைலன்சர்' என்று பேர் வைத்தோமே. பதினைந்து நாற்பதே போதும் என்றார் அவர். "முதல் நம்பர் குளிர்ல ஓடுறதுக்கு, ரெண்டாவது சூட்டுல தாங்குறதுக்கு. நமக்கு எதுய்யா பிரச்சினை? இருபது ஐம்பது போடு. கார் புஸ்தகத்துலயும் அதான் இருக்கு" என்றார் அப்பா. நடுத்தெருவில் இருவரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் காரை மெக்கானிக் ஷெட்டுக்குக் கட்டி இழுத்துப்போய், அப்பா சொன்னதையே ஊற்றி ஓடவிட்டார்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் விளக்கு எரியவில்லை. பல் டாக்டரைச் சுத்தமாக மறந்துவிட்டோம்.

அவர்கள் சண்டை போட்டபோது எனக்கு நம் சின்ன வயதுத் தேன் பாட்டில் ஞாபகம் வந்தது. ஃப்ரிட்ஜில் வைத்த தேன் ஒரு கரண்டி, அடுப்பில் காட்டிய தேன் ஒரு கரண்டி. தட்டைச் சாய்த்து எது முதலில் ஓடும் என்று அப்பா பந்தயம் வைப்பார், ஆயிலும் இப்படித்தான் என்பார். "இது சமையலறையா, ஒர்க்‌ஷாப்பா?" என்று அம்மா வந்து நிற்பாள். நின்றவள், சூடான தேன்தான் ஜெயிக்கும் என்று தானும் பந்தயத்தில் சேர்ந்துகொள்வாள். நாம் இரண்டு பேரும் தட்டை வழித்து நக்குவோம். அதற்கப்புறம்தான் காரில் ஒரு சுற்று. அம்மா முன்னால், நீயும் நானும் பின்னால், ஜன்னலுக்கு அடிதடி.

போன வாரம் ஷெட்டிலிருந்து வீடு திரும்பும்போது அப்பாவே ஓட்டினார். பாதி வழியில், "அவன் இருக்கற இடத்துல பனி கொட்டுமே, வண்டிக்கு என்ன ஆயில் போடுறான்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். சாப்பிடும்போது மறுபடியும் கேட்டார்.

உனக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி அவரிடம் ஒரு தடவை கேள், அண்ணா. அம்மா போனபோது நீ வர முடியாமல் போனதைப் பற்றி அவர் பேச மாட்டார். என்னிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாயங்காலம் அவர் சும்மாதான் இருக்கிறார். போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் தங்கை